பின்தொடைத் தசையும் இளம் உதைபந்தாட்ட வீரரும்
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



"தம்பி, இளைஞர்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்றைப் பேசும்" என்று நமது சங்கச் செயலாளர் என்னைக் கேட்டார். உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவருக்கு மகிழ்ச்சி. உதைபந்தாட்டத்தில் தசை கிழிவதைப் பற்றி என்று சொன்னதும் அந்த மகிழ்ச்சி சற்றுக் குறைந்தது. ஆயினும் அவர் பெரிய மனம் கொண்டவராதலால் இன்று நான் உங்கள் முன் நிற்கிறேன். நான் வைத்தியனல்லன், சர்வகலாசாலையிற் படிக்கும் மாணவன். ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கணக்காக எண்ணி எழுதி வைத்தவற்றைப் படித்து, எனக்கு விளங்கியவரையில் உங்களுக்குச் சொல்வதே என் வேலை.

உதைபந்தாட்டத்தில் அடிபடுதல் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? இருவர் மோதுகிறார்கள், ஒருவன் புல்லில் உருள்கிறான், நடுவர் ஊதுகிறார். நான் சொல்லவந்த காயத்தில் இவை ஒன்றுமில்லை. ஒருவன் பந்தைத் துரத்தித் தனியே ஓடிக்கொண்டிருக்கிறான். அருகில் எவருமில்லை. திடீரென்று பின்தொடையைக் கையாற் பற்றிக்கொண்டு நொண்டுகிறான், அல்லது அப்படியே விழுந்துவிடுகிறான். யாரோ பின்னாலிருந்து கல்லால் எறிந்தது போலிருந்தது என்று சொல்வோரும் உண்டு. யாரும் எறியவில்லை. அவனுடைய ஓட்டமே அவனை அறுத்துவிட்டது.

முழங்காலின் பின்புறத்தில் இரு பக்கமும் கையை வைத்துப் பாருங்கள். வீணைத் தந்தி போல விறைத்த நாண்கள் தட்டுப்படும். அவை மேலே சென்று பின்தொடைத் தசைகளோடு சேர்கின்றன. உட்புறத்தில் இரண்டு தசை. வெளிப்புறத்தில் இரு தலைகளையுடைய ஒரு தசை. நாம் நாற்காலியில் அமரும்போது ஊன்றியிருக்கும் எலும்பு உண்டல்லவா, அந்த இருக்கையெலும்பிலிருந்தே இவை புறப்படுகின்றன. வெளித்தசையின் குறுந்தலை ஒன்றுமட்டும் தொடையெலும்பிலிருந்து புறப்படுகிறது. ஆங்கிலேயர் இத்தசைகளுக்கு 'ஹம்ஸ்ரிங்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் அச்சொல் வினையாகவும் வழங்கும். முடமாக்குதல் என்பது பொருள். பழங்காலப் போர்களில் பகைவரின் குதிரைகளைக் கொல்லாமல் பின்கால் நாணை வெட்டி விட்டுவிடுவார்கள். யோசுவா அப்படிச் செய்ததாகப் பழைய ஏற்பாட்டில் வருகிறது. மிஷன் பாடசாலையிற் படித்தவனாதலால் எனக்கு அது நினைவில் இருக்கிறது. நாண் அறுந்த குதிரை உயிரோடிருக்கும், புல் தின்னும், ஓடாது.

இத்தசைகளுக்கு இரண்டு வேலை. முழங்காலை மடக்குவது ஒன்று. இடுப்பிலிருந்து காலைப் பின்னே தள்ளுவது மற்றொன்று. இரண்டு மூட்டுக்களைக் கடந்து செல்வதால் இரண்டு பக்கமும் இழுபடும் தொல்லை இவற்றுக்கு உண்டு. முழு வேகத்தில் ஓடுபவனுடைய ஒரு கால் முன்னே வீசப்படும் கணத்தை எண்ணிப் பாருங்கள். இடுப்பு மடிந்திருக்கிறது, முழங்கால் நீள்கிறது. பாதம் நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னர், வீசிச் செல்லும் முன்காலைத் தடுத்து நிறுத்தவேண்டிய பொறுப்பு பின்தொடைத் தசைக்கு வருகிறது. நெல்மூட்டையைத் தோளிலிருந்து மெல்லக் கீழே இறக்குகிறவனுடைய கையைப் பார்த்திருப்பீர்கள். கை நீள்கிறது, ஆனால் தசை தளரவில்லை, இறுகிக்கொண்டே நீள்கிறது. பின்தொடைத் தசையும் இதையே செய்கிறது. ஆனால் மூட்டையை இறக்குகிறவனுக்கு நேரமிருக்கிறது. ஓடுகிறவனுக்குக் கண்ணிமைக்கும் நேரங்கூட இல்லை. ஓட்டத்தில் ஏற்படும் கிழிவுகளிற் பெரும்பான்மை அந்த வெளித்தசையின் நெடுந்தலையில் நேர்வது இதனாலேயே. காலை மிக உயர வீசுவதாலோ அகல விரிப்பதாலோ நேரும் கிழிவு வேறு வகை. அது பெரும்பாலும் உட்புறத் தசையொன்றில் நேர்கிறது. வலி குறைவாயிருக்கும்; குணமாவதற்கோ நாள் கூடுதலாகச் செல்லும். வலி கொஞ்சந்தான் என்று ஏமாறுவோர் பலர்.

இனிச் சில கணக்குகள். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமாகிய உவேஃபா 2001ஆம் ஆண்டு தொடங்கிப் பெருங்கழகங்களின் காயங்களை ஒன்றுவிடாமற் பதிந்து வருகிறது. சுவீடன் தேசத்து யான் எக்ஸ்ராண்ட் என்ற பேராசிரியரே அதற்குத் தலைமை தாங்கியவர். 2011இல் வெளியான அவர்கள் கணக்கின்படி எல்லாக் காயங்களிலும் 31 வீதம் தசைக்காயம். அத்தசைக்காயங்களில் 37 வீதம் பின்தொடையில். இருபத்தைந்து பேர் கொண்ட ஒரு குழுவில் ஒரு பருவத்தில் ஏறக்குறையப் பதினைந்து தசைக்காயங்களை எதிர்பார்க்கலாம் என்றார்கள். வைத்தியம் வளர, காயம் குறையவேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 வீதமாயிருந்த பின்தொடைக் காயம் 2021-22 பருவத்தில் 24 வீதமாயிற்று. உலகத்திலேயே மிகச் சிறந்த வைத்தியர்களையும் யந்திரங்களையும் வைத்திருக்கும் கழகங்களின் கதை இது.

காரணம் பலவாகலாம். எனக்கு முதன்மையாகத் தோன்றுவது ஆட்டத்தின் வேகம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போட்டிகளை 2006-07 முதல் 2012-13 வரை அளந்து பார்த்தார்கள். ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஓடும் மொத்தத் தூரம் 2 வீதமே கூடியிருந்தது. கிட்டத்தட்ட அதே 11 கிலோமீற்றர். ஆனால் கடுவேகத்தில் ஓடும் தூரம் 890 மீற்றரிலிருந்து 1151 மீற்றராக உயர்ந்திருந்தது. முழுமூச்சோட்டங்களின் எண்ணிக்கை 31இலிருந்து 57. அதாவது ஆட்டக்காரன் கூடுதலாக ஓடவில்லை; கூடுதலான தடவை பாய்கிறான். ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான் முன் சொன்ன அந்தக் கணம் வருகிறது.

இவையெல்லாம் வளர்ந்தோர் கணக்கு. நான் பேசவந்தது இளைஞரைப் பற்றி. அதற்கு ஒருவருடைய வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மைக்கல் ஓவன் 1979 டிசம்பரிற் பிறந்தவர். லிவர்பூல் கழகத்துக்காக 1997 மே மாதம் முதன்முதலாக இறங்கியபோது அவருக்கு வயது பதினேழு. அன்றே ஒரு கோல் போட்டார். அடுத்த பருவத்தில் லீக்கில் மாத்திரம் 36 ஆட்டம், 18 கோல். பருவம் முடிந்ததும் இளைப்பாறினாரா? உலகக் கிண்ணத்துக்குப் பிரான்ஸ் சென்றார். 1998 ஜூன் 30ஆம் திகதி சென் எற்றியன் நகரில், ஆர்ஜென்ரீனாவின் காவலர்களை ஓட்டத்தால் வென்று அவர் போட்ட கோலைப் பார்க்காதவர்கள் இணையத்திற் பார்த்துக்கொள்ளலாம். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் நடுக்கோட்டருகே பந்தை வாங்கி, இருவரைப் பின்தள்ளிக்கொண்டு, காற்றைப் போலச் செல்கிறான்.

ஊர் திரும்பியவுடன் அடுத்த பருவம். 1999 ஏப்பிரில் 12ஆம் திகதி லீட்ஸ் கழகத்தோடு ஆட்டம். பந்தைத் துரத்தி ஓடுகையில் வலது பின்தொடை அறுந்தது. அந்தப் பருவத்தில் எஞ்சிய ஆட்டங்களில் அவரைக் காணவில்லை. நாண் ஒன்று முற்றாக அறுந்துபோயிற்றென்றும், அதைச் சத்திரசிகிச்சையால் மீண்டும் பொருத்தவில்லையென்றும், அன்றுமுதல் ஒரு காலில் மூன்று நாணும் மறுகாலில் இரண்டுமாகவே ஓடிவந்ததாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

இவ்விடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அத்தோடு ஓவனின் கதை முடிந்துவிடவில்லை. 2001இல் எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தின் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் போட்டு ஆர்சனலைத் தோற்கடித்தார். அதே ஆண்டு மியூனிக் நகரில் ஜெர்மனிக்கு எதிராக மூன்று கோல். ஐரோப்பாவின் தலைசிறந்த வீரருக்கான தங்கப் பந்தும் அவ்வாண்டு அவருக்கே கிடைத்தது. இங்கிலாந்துக்கு ஆடிய 89 ஆட்டங்களில் 40 கோல். இவற்றைக் கேட்கும் ஒருவர், "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று வினவலாம். 2018இல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் ஓவன் அதற்கு விடை கூறினார். ஆட்ட வாழ்வின் கடைசி ஆறேழு ஆண்டுகளும் காவலரைத் தாண்டி வெற்றிடத்துக்குள் ஓடவே தமக்கு அச்சமாயிருந்ததென்றும், எப்போது அறுமோ என்று எண்ணி எண்ணி ஆடியதாகவும் சொன்னார். எந்த ஓட்டத்துக்காக உலகம் அவரை அறிந்ததோ அந்த ஓட்டத்துக்கே அவர் அஞ்சினார். 2013இல், முப்பத்து மூன்றாம் வயதில், ஓய்வு பெற்றார். அந்தப் பேட்டியைப் பார்த்த பின்னரே நான் இவ்விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

ஓவன் அடிபட்டு இருபத்திரண்டு ஆண்டு கழித்து, உலகம் இவ்விஷயத்தில் எவ்வளவோ கற்றுக்கொண்ட பின்னர், ஸ்பெயினில் பெட்ரி என்ற இளைஞர் 2020-21 பருவத்தில் பார்சலோனாவுக்கும் நாட்டுக்குமாக எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பியக் கிண்ணம் முடிந்த கையோடு தோக்கியோ ஒலிம்பிக். இறுதியாட்டம் 2021 ஓகஸ்ட் 7ஆம் திகதி. ஒரு வாரத்தில் ஸ்பானிய லீக் தொடங்கிவிட்டது. செப்ரெம்பரில் இடது தொடைத் தசை. மாதக்கணக்கில் வெளியே இருந்து திரும்பினார். 2022 ஏப்பிரிலில் அதே காலின் பின்தொடை. அப்போதும் வயது பத்தொன்பதே. ஆளும் ஊரும் மாறினவேயன்றிக் கணக்கு மாறவில்லை.

பத்தொன்பது வயதுக்குக் கீழே சென்றால் காயத்தின் தன்மையே மாறுகிறது. பெற்றோர் இதைக் கவனித்துக் கேட்கவேண்டும். ஆண்பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் பதினான்கு வயதை ஒட்டியது. பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டாண்டு முந்தியது. உச்சத்தில் ஓர் ஆண்டுக்கு 9, 10 சென்றிமீற்றர் வளரும் பையன்கள் உண்டு. எலும்பு நீண்டுவிடும், அதன் பின்னாலே தசை நீளவேண்டும். நேற்று வரையில் ஒழுங்காக ஓடியவன் இன்று தன் காலே தனக்கு அந்நியம்போல் தடுமாறுவதை நீங்கள் கண்டிருக்கலாம். மேலும், இருக்கையெலும்பில் தசைநாண் பற்றும் இடம் அந்த வயதில் முற்றிய எலும்பாயிராது. வளரும் குருத்து நடுவே இருக்கும். அது முழுதாக ஒட்டி முற்றுவதற்கு இருபது வயதும் தாண்டலாம். ஆகவே வளர்ந்தவனுக்குத் தசை கிழியும் இடத்தில், பதினைந்து வயதுப் பையனுக்குத் தசை தாக்குப்பிடித்துக்கொள்ள, எலும்பின் ஒரு துண்டே பிய்ந்துவிடக்கூடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலிருக்கும். 'சுளுக்கு' என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவது அவ்விடத்தில் பெருந்தீங்கு. ஓடும்போதோ பந்தை உதைக்கும்போதோ 'டக்' என்று ஓசை கேட்டது என்று பிள்ளை சொன்னால், உட்கார நோகிறது என்று சொன்னால், எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்காமல் இருக்கக்கூடாது. துண்டு அதிகம் விலகாவிட்டால் ஓய்வே பெரும்பாலும் போதும். விலகியிருந்தால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

இங்கிலாந்தின் கழகங்கள் ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துத் தங்கள் பயிற்சிக் கூடங்களிற் சேர்க்கின்றன. அவற்றில் 38 கூடங்களை 1999 தொடக்கம் 2001 வரை இரண்டு பருவம் ஆராய்ந்தார்கள். ஒரு காயத்துக்குச் சராசரி 22 நாட்கள் வீணாயின; ஒரு பிள்ளை தன் பருவத்தில் ஏறக்குறைய 6 வீதத்தைக் காயத்தினால் இழந்தது. 6 வீதம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது சராசரி. ஒன்றும் நேராத பலரையும் மாதக்கணக்காகக் கிடந்த சிலரையும் சேர்த்து வகுத்தது. அக்கூடங்களிற் சேரும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் கடைசியில் தொழில்முறை ஆட்டக்காரராவதில்லை. பதினாறு வயதில் ஒரு பருவத்தை இழந்தவனுடைய இடத்தில் வேறொருவன் வந்துவிடுகிறான். பதினாறு வயதுப் பையனுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகையால் அவன் நோவை மறைக்கிறான். பயிற்சியாளர் "எப்படி இருக்கிறது?" என்றால் "நல்லாயிருக்கு, சேர்" என்கிறான். அவனுடைய சொல்லை நம்பி அவனை இறக்குவது எனக்குச் சம்மதமில்லை. பிள்ளை பொய் சொல்கிறான் என்பதற்காகவன்று. உண்மை சொன்னால் அவனுக்கு நட்டம் வரும்படியாக நாம் காரியங்களை அமைத்து வைத்திருக்கிறோம் என்பதற்காக.

திரும்பக் கிழிதலே இக்காயத்தின் பெருங்கேடு. உவேஃபாவின் கணக்கில் பின்தொடைக் காயங்களில் 18 வீதம் பழைய காயத்தின் மறுபிறப்பு. அவற்றிலும் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்டவை களத்துக்குத் திரும்பிய இரண்டு மாதத்துக்குள் நேர்ந்தவை. அதாவது குணமாகிவிட்டது என்று நினைத்த இடத்தில் குணமாகவில்லை. எப்போது திரும்பலாம் என்பதை நாட்காட்டி சொல்லாது. சுவீடனில் காள் அஸ்க்லிங் என்பவர் ஒரு பரீட்சை வகுத்தார். தொட்டுப் பார்ப்பதிலும் மடக்கிப் பார்ப்பதிலும் நோவில்லை என்று ஆன பின்னரே இதைச் செய்யவேண்டும். மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காதபடி கட்டி, நீட்டிய காலை இயன்ற வேகத்தில் மேலே வீசவேண்டும். நோவு இல்லாவிட்டாலும், மனத்தில் ஒரு கூச்சம், 'கிழிந்துவிடுமோ' என்ற தயக்கம் தோன்றினால் அவன் இன்னும் ஆயத்தமில்லை. பிள்ளையின் அச்சத்தையும் ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொண்டதை நான் மிக மதிக்கிறேன். அதே அஸ்க்லிங் சுவீடனின் மேல்மட்ட வீரர் 75 பேரை இரு கூறாக்கி வைத்தியம் செய்வித்தார். தசையை நீளவைத்துப் பலப்படுத்தும் பயிற்சி பெற்றவர்கள் சராசரி 28 நாளில் திரும்பினர். வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 51 நாள் சென்றது. 2013இல் வெளியான முடிவு இது.

திரும்பலாமா என்று தீர்மானிப்பவர் யார் என்பது மற்றக் கேள்வி. வெற்றியை விரும்புகிறவரும் அனுமதி கொடுக்கிறவரும் ஒருவராயிருக்கக் கூடாது என்பது என் துணிபு. பயிற்சியாளர் எத்தனை நல்லவராயிருந்தாலும் இறுதியாட்டத்து நாளில் அவருடைய கண்ணுக்கு நொண்டும் காலும் நேராகத் தெரியும். பெற்றோரும் அப்படியே. கிண்ணம் அலுமாரியில் இருக்கும். கால் பிள்ளையோடு போகும்.

வராமற் காப்பதற்கு வழி உண்டா? உண்டு, அதுவும் காசில்லாத வழி. டென்மார்க்கில் 50 குழுக்களைச் சேர்ந்த 942 ஆட்டக்காரரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. ஏறக்குறையப் பாதிப்பேர் 'நோர்டிக்' என்ற ஒரேயொரு அப்பியாசத்தைப் பத்து வாரம் பயின்று, பின்னரும் வாரத்துக்கொருமுறை தொடர்ந்தார்கள். மற்றவர்கள் வழக்கப்படி பயின்றார்கள். வழக்கப்படி பயின்றவர்களிடையே 52 பின்தொடைக் காயம்; அப்பியாசம் செய்தவர்களிடையே 15. நோர்வேயில் 2007இல் 125 கழகங்களைச் சேர்ந்த, 13 முதல் 17 வயதான 1892 பெண்பிள்ளைகளை வைத்து, இதே அப்பியாசமும் அடங்கிய இருபது நிமிஷ முன்பயிற்சி ஒன்றைச் சோதித்தார்கள். காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. கடுங்காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாயின. 'பீபா 11+' என்று அதற்குப் பெயர். இத்தனைக்குப் பின்னும், ஐரோப்பியப் பெருங்கழகங்களை விசாரித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை நோர்டிக் அப்பியாசத்தை முறைப்படி கைக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. முதல் நாட்களில் தொடை நோகும் என்பது ஒரு காரணமாயிருக்கலாம். யந்திரமில்லாத ஒன்றை எவரும் பெரிதாக மதிப்பதில்லை என்பது மற்றொன்றோ என்று எனக்கு ஐயம்.

அடிபட்டவுடன் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டத்தை விட்டு வெளியே வரவேண்டும். துணியிற் சுற்றிய பனிக்கட்டி, அளவான அழுத்தத்தோடு கட்டு, காலை உயர்த்தி ஓய்வு. முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடு வேண்டாம், உருவுதல் வேண்டாம், பிடித்து இழுத்தல் வேண்டாம்.

அப்பியாசம் இதுதான். மெத்தென்ற பாயில் முழந்தாளிடவேண்டும். தோழன் ஒருவன் பின்னாலிருந்து இரு கணுக்கால்களையும் அழுத்திப் பிடித்துக்கொள்வான். முழங்காலிலிருந்து தோள்வரை உடம்பு ஒரே கோடாயிருக்க, இடுப்பை மடிக்காமல், பின்தொடையாலே தடுத்துத் தடுத்து மெல்ல மெல்ல முன்னே சாயவேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழுந்து, கைகளாலேயே தள்ளி எழும்பவேண்டும். முதல் வாரம் ஒரே நாள், ஐந்தைந்தாக இருமுறை. இரண்டாம் வாரம் இருநாள், ஆறாறாக. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று நாள். தொகையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஐந்தாம் வாரம் முதல் பன்னிரண்டு, பத்து, எட்டு என்று மூன்று முறை செய்தால் டென்மார்க்கார் செய்த அளவு வந்துவிடும். வாயாற் சொல்வதைவிடச் செய்து காட்டுவது எளிது. பாய் மேடையில் விரித்திருக்கிறது. முன்வரிசையிலிருந்து இருவர் மேலே வாருங்கள். வேட்டி கட்டியிருப்பவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளட்டும், காற்சட்டை அணிந்தவர் முழந்தாளிடட்டும்.